மறுகா

ஏழு பேர் போதும் என்கிறது சட்டம்,
சங்கம் ஒன்றைப் பதிய.
நாங்கள் ஆறு.
ஏழாவது சுகிர்தமலர் கழிவறைக்குள்.
போக ஓர் அட்டை, அட்டைக்கு நாலு நிமிடம்.
குழாயடியில் நான் நிற்கிறேன்,
இடுப்பில் செருகிய படிவம் வேர்வையில் ஊற.

இன்று காலையும் மேன்பவர்க்காரன்
நாற்பது பேர் கேட்ட இடத்துக்கு
நாற்பத்தாறு பேரை ஏற்றிவந்தான்.
மிஞ்சிய ஆறு பேர் கேற்றுக்கு வெளியே.
வேன் இனிப் பின்னேரம்தான் திரும்பும்.
சாப்பாட்டுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு
தங்கள் நாள் உள்ளே தைபடுகிற சத்தத்தைக்
கேட்டபடி இருப்பார்கள்.
நானும் இருந்திருக்கிறேன்.
ஒன்பது வருடமாகக் கொலர் பொருத்துகிறேன்.
பதிவேட்டில் ஒவ்வொரு நாளும்
இன்றுதான் வேலைக்கு வந்தவள்.

படிவத்தில் ஒரு கட்டம்: நோக்கங்கள்.
சம்பளத்தை எழுது என்றாள் மஸாஹிறா.
லீவு. ஈ.பி.எஃப். கழிவறைக்குப் பத்து நிமிடம்.
எழுதினேன். இன்னும் மூன்று வரி வெறுமை.
"இதெல்லாம் தந்திட்டானுகள் எண்டா, மறுகா?"
ஷெரல் சும்மாதான் கேட்டாள்,
வேன் கண்ணாடியில் தலை சாய்த்து.

மறுகா.
கொழும்பில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்,
மட்டக்களப்பா என்பார்கள்.
பிறகு, அப்புறம், அதற்கும் மேலே,
எல்லாவற்றுக்கும் எங்களிடம் இது ஒன்றுதான்.
கதை சொல்பவரை நிறுத்தவிடாத சொல்.

மறுகாவில் நாங்கள்
இரண்டு இரவு இருந்திருக்கிறோம்.

போன மார்கழி, முந்தனை ஆறு
கிரானை மூடியபோது வேன் வரவில்லை.
மனேஜரின் போன் அணைந்து கிடந்தது.
நூற்றுப் பன்னிரண்டு பெண்கள், ஒரு செக்கூரிட்டி.
கன்ரீன் பூட்டைத் திறந்தது யாரென்று
இன்றுவரை தெரியாது.
தெரியும். சொல்லமாட்டோம்.
கூப்பன் இல்லாத சோறு, பருப்பு ஆணம்.
செக்கூரிட்டி கணபதிப்போடி தேங்காய் துருவினார்.
சுப்பவைசர் விமலேஸ்வரி முதல் நாள் தனியே இருந்தாள்,
இரவு பசித்ததும் கோப்பையோடு வரிசைக்கு வந்தாள்.
யாரும் அவளை எண்ணவில்லை.
ஜெனரேட்டரை ஜெஸீமா இயக்கினாள்,
நாலு வருடம் அதன் பக்கத்தில் கூட்டிப் பெருக்கியவள்.

ஊர்ச்சனம் தோணியில் வந்து ஏறியது.
அதில் ஒரு குழந்தை, பிறந்து ஒன்பதாம் நாள், நனைந்து.
ஜெர்மனிக்குப் போகவிருந்த பருத்தியில்
அதற்குச் சட்டை தைத்தேன்.
கொலர் இல்லை. டார்கெட் இல்லை.
அதே மெசின், அதே நூல்.
மணிக்கு எத்தனை என்று கேட்க ஆளில்லாத தையலை
என் கை அன்றைக்குத்தான் பார்த்தது.
மறுகா போர்வைகள். மறுகா தோணிக்காரனுக்கு ஒரு காற்சட்டை,
அளவு பிழைத்து, எல்லோரும் சிரித்து.

சண்டையும் வந்தது. ஏன் மறைப்பான்?
யார் தைப்பது, யார் தூங்குவது என்று வந்தது.
எண்ணெய்ப் போத்தல் ஒன்று காணாமல் போனது.
கழிவறை நாறியது,
ஆனால் அட்டை கேட்கவில்லை.

வெள்ளம் வடிந்தது.
அரிசி இத்தனை கிலோ, துணி இத்தனை மீற்றர் என்று
கணக்குப் போட்டு, நூற்றுப் பன்னிரண்டால் பிரித்து
எல்லோர் சம்பளத்திலும் வெட்டினார்கள்.
கம்பனி எங்களுக்குச் சமமாகப் பங்கிட்டது
அந்த ஒன்றைத்தான்.
அந்தச் சம்பளத் துண்டை நான் எறியவில்லை.
போய்வந்ததற்கு வேறென்ன ரசீது?

கதவு திறக்கிறது.
சுகிர்தமலருக்கு இரண்டு லோன்.
வெள்ளிக்கிழமை லோன்காரன் படலையடியில் வந்து நிற்பான்.
படிவத்தை வாங்கிப் பார்க்கிறாள்,
எழுதியதை விட்டுவிட்டு அந்த மூன்று வரியை.
"கையெழுத்து வைச்சா மறுகா என்னகா?"

தெரியாது என்றேன்.

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்து
பேனையைக் கேட்கிறாள்.
அட்டையில் இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது.